பிணமாக நடித்த அண்ணன்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லவர்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். லண்டனிலிருந்து ரயிலில், தகரப் பெட்டிகளுக்குள் சுருண்டு படுத்தபடி வந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அவர்களை மீட்டு வந்தவன் நான். பார்சல் குமாஸ்தா "உள்ளே என்ன?" என்று கேட்டான். "ராஜாக்கள்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய படிவத்தில் ராஜாக்களுக்குக் கட்டம் இல்லை. "பிலிம்" என்று எழுதி, அதற்கு இன்னும் இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் கம்பளி மில்லுக்கும் பஞ்சமில்லாத இந்த ஊரில் முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாதா கோயில் கூடத்தை வாடகைக்குப் பிடித்துத் தமிழ்ப் படம் போடுவோம். பெரியவர்கள் அழுவதற்கு வருவார்கள், பிள்ளைகள் சமோசாவுக்கு வருவார்கள். என் மகன் குமரனுக்குப் பதினான்கு வயது. என்னை விட ஒரு விரல்கடை உயரம் வளர்ந்துவிட்டான். "இது நம்ம காஞ்சிபுரத்துல எடுத்த படம்டா" என்றேன். "போன படத்துக்கும் இதைத்தான் சொன்னீங்க" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. நான் தமிழில் கேட்பதும் அவன் ஆங்கிலத்தில் சொல்வதுமாக எங்கள் வீட்டுப் பேச்சு இரண்டு தண்டவாளமாகி மூன்று வருஷம் ஆகிறது.

சரித்திரப் படங்கள் மேல் எனக்கு டாக்டர் என்ற முறையில் ஒரு கோபம் உண்டு. அந்தக் காலத்தில் யாருக்கும் இருமல் வராது. எவனும் நொண்ட மாட்டான். அரண்மனை வைத்தியர் என்று ஒருவர் வருவார், அவருக்குத் தெரிந்த ஒரே நோய் கர்ப்பம். மகாராணியின் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு முத்துமாலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதையெல்லாம் என் மனைவி வசந்தாவின் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். "சும்மா இருங்களேன், அந்தப் பக்கம் பார்க்கறாங்க" என்று என் தொடையில் கிள்ளினாள்.

இடைவேளைக்குப் பிறகு போர் முடிகிறது. ராஜா தனியாக நிற்கிறார். கேமரா தரையோடு தரையாகப் பிணங்களின் மேல் மெல்ல நகர்கிறது. முன்னால் ஒரு நெட்டையான பிணம், தலை நம் பக்கமாக, வாய் லேசாகத் திறந்தபடி. நெஞ்சு அசையவில்லை, மூச்சை நன்றாக அடக்கியிருந்தார். ஆனால் கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு திமிறித் திமிறி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் தலையே லேசாக ஆடியது.

கூடமே சிரித்தது. குமரன் கையைத் தட்டிக்கொண்டு, "செத்தவன் உயிரோட இருக்கான்!" என்று கத்தினான். 

அது என் அண்ணன் ஏகாம்பரம். அதோடு, இருதயத்தின் பெரிய வால்வு சரியாக மூடாமல் ரத்தம் திரும்பித் திரும்பி உள்ளே கொட்டும் ஆளுக்குத்தான் கழுத்து அப்படி அடிக்கும். இதை மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கிறேன். அதற்குத்தான் இந்தப் பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

2

அறுபத்தைந்தாம் வருஷக் கோடை. சென்னையில் படிப்பை முடித்த புது டாக்டர் நான். சின்ன வயதில் மூட்டு வலியும் காய்ச்சலும் வந்தவர்களுக்குப் பின்னால் இருதய வால்வு கெடுகிறதே, அது காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி. என்னை உதவியாளனாகச் சேர்த்திருந்தார்கள். நோயாளிகளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க அதே தெருவில், அதே வயதில், எந்தக் கோளாறும் இல்லாதவர்களும் அதே அளவுக்கு வேண்டும். பேராசிரியர் கறார் பேர்வழி. "நோயாளியை எவன் வேணும்னாலும் கண்டுபிடிப்பான். ஒருத்தன் நல்லா இருக்கான்னு சொல்றதுதான்யா கஷ்டம்" என்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் டாக்டரைக் கண்டால் ஊசி என்று ஓடுவார்கள். தறிக் குழியை விட்டு மேலே ஏறவே மாட்டார்கள். அவர்களை நைச்சியம் பண்ணி அழைத்து வந்தவர் அண்ணன்தான். அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினைந்து. நெய்த சேலையை மடித்துக்கொண்டு நின்ற அப்பா, நின்ற இடத்திலேயே விழுந்தார். நாற்பத்திரண்டு வயது. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று சொல்லி எடுத்துப் போட்டார்கள். மறு மாதம் அண்ணன் தறியில் உட்கார்ந்தார், நான் பள்ளிக்கூடம் போனேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் நெட்டை. அண்ணன் குனியாமல் நுழைந்த வாசற்படி தெருவிலேயே கிடையாது. விரல்களும் அப்படித்தான், நீளம் நீளமாக இருக்கும். "ஏகாம்பரம் தறியில குந்திக்கினே பக்கத்து வூட்டுத் தண்ணிய எடுத்துக் குடிப்பான்" என்று கேலி பண்ணுவார்கள். அந்த உயரத்தைத்தான் சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதே மாதம் பல்லவர் படம் ஒன்று எடுக்க ஒரு கம்பெனி வந்து இறங்கியிருந்தது. ஊரில் அத்தனை நிஜக் கோயில் இருக்க, பலகையும் சுண்ணாம்பும் வைத்து ஒரு கோயில் கட்டினார்கள். நிஜக் கோயில் ரொம்பப் பழசாகத் தெரிகிறதாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். யோசித்தால் டைரக்டர் சொன்னதும் நியாயம்தான், பல்லவன் காலத்தில் அது புதுசாகத்தானே இருந்திருக்கும். ஆனால் பட்டு நெய்கிற ஊருக்கே வந்து ராஜாவுக்கு ரேயான் கட்டிவிட்டதைத்தான் தெருவில் யாரும் மன்னிக்கவில்லை.

ஆதி காலத்து மனிதர்கள் எல்லோரும் ஆறடிக்கு மேல் என்பது டைரக்டரின் கொள்கை. தெருத்தெருவாக வந்து நெட்டையான ஆட்களாகப் பொறுக்கினார்கள். அண்ணன்தான் முதல் ஆள். உடம்பு முழுக்கப் பழுப்புச் சாயம் பூசி, தென்னேரி ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்த பக்கமாகப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஆராய்ச்சியின் கடைசி நாள். மத்தியானம் பேராசிரியர் படிவங்களோடு சென்னைக்குப் புறப்பட வேண்டும். அண்ணன் ஏற்பாடு செய்திருந்த இரண்டு பேர் வரவில்லை. அண்ணனைத் தேடி ஜீப்பை எடுத்துக்கொண்டு தென்னேரிக்குப் போனேன். உச்சி வெயிலில் பிணங்கள் படுத்திருந்தன. உதவி டைரக்டர் ஒருவர் குடையோடு ஓடி வந்து அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் நெட்டை! செத்தவன் கழுத்தை ஆட்டுவானாய்யா?"

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "நான் ஆட்டலீங்க. அது தானா ஆடுது."

இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். பையில் ஸ்டெதஸ்கோப்போடு நின்ற நானும் சிரித்தேன். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு வேளையில் அண்ணன் சாயம் பூசிய உடம்போடு என்னுடன் ஜீப்பில் வந்தார். ஒரு ஆளைத் தறியிலிருந்து இழுத்து வந்தார். மற்றவன் ஏனாத்தூருக்குச் சாவுக்குப் போய்விட்டான். ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் ஒன்று குறைந்தது.

"என்ன எழுதிக்கோ" என்றார் அண்ணன்.

"சரி, உட்காரு. பாத்துடறேன்."

"ஐயே, தொடாதபா! சாயம் உன் காதுக் கொயாயில ஒட்டிக்கும். இது கலைஞ்சா அந்த மேக்கப்காரன் பேஜார் பண்ணுவான். எனக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி இருக்கிறேன். எழுது, எழுது."

பேராசிரியர் வாசலில் ஹாரன் அடித்தார். நான் எழுதினேன். நாடி, ரத்த அழுத்தம், இருதயச் சத்தம் எல்லாம் சரி என்று என் கையால், நிறுத்தி நிதானமாக, அழகான எழுத்தில் எழுதினேன். கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தால் ஒரே நிமிஷத்தில் காட்டிக் கொடுத்திருக்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அந்த ஆராய்ச்சியில் என் பெயர் இரண்டாவதாக அச்சானது. அதைக் காட்டித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

3

படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "பத்து வருஷம் ஆச்சே. மாமா நல்லாத்தானே இருக்காரு? பொங்கலுக்குக் கூட லெட்டர் போட்டாரே" என்றாள். பத்து வருஷம் ஆகிவிட்டது என்பதுதான் பயமே. இந்தக் கோளாறு பத்துப் பதினைந்து வருஷம் சத்தம் காட்டாமல் இருக்கும். அதற்குள் இருதயம் வீங்கிக்கொண்டே போகும். வீங்குவதற்கு முன்னால் பிடித்தால் இப்போது ஆபரேஷன் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பார்த்து, சரியான சமயத்தில் கத்தியை எடுக்க வேண்டும். நான் அந்தப் பத்து வருஷத்தையும் அண்ணன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு டிரங்க் கால் போடுவது லேசான காரியம் இல்லை. ஆபரேட்டர் அம்மாளுக்குக் காஞ்சிபுரம் என்றால் தெரியவில்லை, வெள்ளைக்காரன் காலத்துக் காஞ்சீவரம் என்ற பெயரில்தான் அவள் புத்தகத்தில் இருந்தது. அண்ணன் வீட்டில் போன் கிடையாது. தெருமுனைச் சரிகைக் கடை பாயிடம்தான் இருக்கிறது. முன்கூட்டியே தந்தி அடித்து, இன்ன நாள், இன்ன நேரம் அங்கே வந்து இரு என்று சொல்ல வேண்டும். தந்தி ஆபீஸில் காரணம் கேட்டார்கள். "குடும்ப விஷயம்" என்றேன். நான்கு நாள் காத்திருந்தேன். அந்த நான்கு நாளும் வார்டில் யார் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாலும் அந்தப் பழுப்புச் சாயம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கிழவியை மூச்சை அடக்கச் சொல்வதற்குப் பதிலாக, ஆங்கிலத்தில், "மூச்சை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். "அதைத் தடுக்கத்தானே டாக்டர் இங்கே வந்தேன்" என்றாள். நர்ஸ் சிரித்தாள், என்னால் முடியவில்லை.

4

லைன் கிடைத்தபோது அங்கே மத்தியானம். பாய் கடையில் யாரோ "லண்டன்! லண்டன்!" என்று கத்துவது கேட்டது. பிறகு அண்ணன் குரல்.

"இன்னாபா, வசந்தா நல்லா இருக்குதா? தந்தி வந்ததும் வூட்டுல எல்லாம் அழுதுக்கினு இருக்காங்க. யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணா. நீ நடிச்ச படத்தைப் பாத்தோம்."

"அடப்பாவி! அதுக்கா தந்தி அடிச்ச? எப்படி, மூச்ச அடக்கினேன் பாத்தியா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? மல்லாக்கப் படுக்க முடியுதா?"

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு தலகாணி வெச்சித்தான் படுக்கிறேன்" என்றார். "போன வருசம் வேலூருக்குப் போயி காட்டினேன்பா. வால்வு போயிடுச்சாம். கையி, வெரலு எல்லாத்தயும் டேப்பு வெச்சி அளந்தாங்க. உங்க அப்பா எப்படிச் செத்தாருன்னு கேட்டாங்க. நின்னுக்கினே வுழுந்துட்டார்னு சொன்னேன். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினாங்க. இது பரம்பரையா வர்றதாம், நெட்டையா இருக்கற வூட்டுல."

"ஏன் எனக்கு எழுதலை?" நான் கத்திவிட்டேன். "ஏண்ணா எழுதலை?"

"எப்படிப்பா எழுதுவேன்? முன்ன யாராச்சும் பாத்தாங்களானு டாக்டரு கேட்டாரு. நீ எழுதின அந்த பாரம் பேப்பரு ஞாபகம் வந்துது. யாரும் பாக்கலைன்னுட்டேன். உன் பேரு எதுக்கு அதுல? நான்தான தொடாதன்னு சொன்னேன்."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே பேசினார்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களானு கேட்டாங்க. ஒரே தம்பி, சீமையில பெரிய ஹார்ட்டு டாக்டரு, அவனுக்குத் தெரியாததா, எப்பவோ பாத்துக்கினு இருப்பான்னு சொன்னேன். பாத்துக்கினியா?"

நான் என்னைப் பார்த்துக்கொண்டதே இல்லை.

"ஆபரேஷன் பண்ணலாம்னாங்க. பொழைக்கலாம், பொழைக்காம போலாம், பாதிக்குப் பாதின்னாங்க. நான் வேணாம்னுட்டேன். அப்பாவத் தாண்டி ரெண்டு வருசம் ஓட்டிட்டேன், இன்னா இப்ப? எனக்கோசரம் நீ பேஜாராவாத. உனக்கும் பையனுக்கும் ஒண்ணும் இல்லைனு ஒரு வரி எழுதிப் போடு. அது போதும்பா எனக்கு. நீ பத்திரிகையில எழுதறதெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கிப் படிச்சிக்கினுதான் இருக்கிறேன். நல்லா எழுதற. எனக்கு அந்த ஒரு வரிய எழுது."

மூன்று நிமிஷம் முடிந்தது என்று ஆபரேட்டர் அம்மாள் குறுக்கே வந்தாள்.

5

சொந்தப் பிள்ளையின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் காது மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து அறை டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர். அவரிடம் உள்ளதைச் சொன்னேன், அந்தப் படிவத்தையும் சேர்த்துத்தான். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "செவ்வாய்க்கிழமை பையனைக் கூட்டி வா. நீயும் சட்டையைக் கழற்ற வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

காரில் போகும்போது குமரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். பாதி வழியில், "நான் சிரிச்சேனே, அது பெரியப்பாவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எனக்குத் தெரியாதுப்பா" என்றான். எனக்கும்தான் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர் அவனை முதலில் பார்த்தார். உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, ரொம்ப நேரம் கேட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், விரலை அளந்தார்கள். கடைசியில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வருஷத்துக்கு ஒரு முறை வர வேண்டும், இப்போதைக்கு ஒன்றும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அப்படியே நாற்காலியில் சாய்ந்தேன். "அடுத்தது நீ" என்றார்.

முன்னால் குனிந்தேன். மூச்சை வெளியே விட்டு அடக்கினேன். மார்பெலும்புக்கு இடது பக்கத்தில் ஓரிடத்தில் அவர் வைத்தார், எடுத்தார், மறுபடி அதே இடத்தில் வைத்தார். அங்கேயே நின்றார். பேசாத மனிதர்தான், ஆனால் அந்த மௌனம் வேறு. நோயாளிகள் மேல் குனிந்தபடி நானே அதை எத்தனையோ தடவை கடைப்பிடித்திருக்கிறேன். குமரன் என் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை உங்களுக்காக எழுதவில்லை. அண்ணன் கேட்ட அந்த ஒரு வரியை எழுத இரண்டு வாரமாக உட்கார்ந்து பார்த்தேன். நான்கு ஏர்லெட்டர் வீணானது. எழுதுவது கஷ்டமே இல்லை, இந்த மாதிரி வரியை எழுதிப் பழகிய கைதான். அதனால்தான் எழுத முடியவில்லை.

அண்ணா, பஸ் ஸ்டாண்டுக் கடையிலேயே நின்று படித்துக்கொண்டிருப்பாய். கீழே எங்கேயாவது உட்கார். உன்னை நான் தொட்டுக் கூடப் பார்க்கவில்லை என்று பழைய பேராசிரியருக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். என்ன செய்ய வேண்டுமோ அவர் செய்துகொள்ளட்டும். பையனுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. உன்னுடையது போல முற்றவில்லை, ஆனால் அதேதான், அப்பாவுடையதுதான். இங்கே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். என் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேலூருக்குப் போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குத் தந்தி அடி. முரண்டு பிடிப்பதில் நான் உன் தம்பி, உனக்குத் தெரியும். நீ படுத்தால்தான் நானும் படுப்பேன்.